வலிமை இயல்பு

அறையில் இருந்தவர்கள்:

பயனாளி, பெண், வயது நாற்பத்து நான்கு.
பயனாளியின் கணவர்.
பயனாளியின் சகோதரர், பதிவு பெற்ற துணையாள்.
மதிப்பீட்டு மருத்துவர்.
எழுத்தர்.

மறுபரிசோதனை அறிக்கையின் முதல் பக்கம் இப்படித்தான் தொடங்குகிறது. எழுத்தர் அடித்தது. அவருக்குச் சளி. ஒரு வரி அடிப்பார், மூக்கைத் துடைப்பார், அடுத்த வரிக்குப் போவார். மூன்றாவதாக இருப்பது நான். பயனாளி என் அக்கா. கணவர் என்றது அத்தானை. சரக்கு வேன் ஓட்டுகிறார். அன்று அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு, வேனையே உதவித்தொகை அலுவலக வாசலுக்குக் கொண்டுவந்திருந்தார்.

அக்காவுக்கு இருப்பது தசை சோர்ந்துபோகும் நோய். மூளை சொல்லும், நரம்பு கொண்டுபோகும், தசை வாங்கிக்கொள்ளாது. முதல் முறை கையைத் தூக்கச் சொன்னால் நம்மைப் போலவே தூக்குவாள். பத்தாம் முறை கை வராது. காலையில் தலை வாரிக்கொள்வாள். மாலையில் சீப்பு கையில் இருக்கும், கை மடியில் கிடக்கும். இமை இறங்கிவிடும். பேச்சு மூக்கு வழியாக வரும். இருட்டத் தொடங்கிவிட்டால் அவள் சாப்பிடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். விழுங்கியது எந்தக் குழாயில் இறங்கும் என்று சொல்ல முடியாது. இரண்டு முறை இறங்கக் கூடாத குழாயில் இறங்கியிருக்கிறது. இரண்டு முறையும் நான் பக்கத்தில் இருந்தேன். குப்புறச் சாய்த்து முதுகில் அறைந்தேன். இரண்டாம் முறை உதடு நீலமாகும்வரை போனது.

துணையாள் என்றால் இதுதான் வேலை. பக்கத்தில் இருப்பது. அதற்காகக் குளிர்பதனக் கிடங்கில் பார்த்துவந்த இரவுக் காவலை விட்டேன். தியாகம் என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்த வேலை எனக்குப் பிடிக்கவில்லை. அக்காவுக்கு வரும் அரசு உதவித்தொகையோடு துணையாளுக்கும் ஒரு பங்கு உண்டு என்று தெரிந்த மறுநாள் சீருடையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். அத்தான் வீடு திரும்ப இரவு பத்தரை ஆகும். அதுவரை நான். ஒன்பது வருடம் அப்படி ஓடியது.

மூன்று வருடத்துக்கு ஒரு முறை மறுபரிசோதனை. முந்தைய இரண்டும் காகிதத்திலேயே முடிந்தன. இந்த முறை வந்த கடிதத்தில், கடந்த ஆறு மாதத்துக்குள் வாங்கிய மருத்துவச் சான்றோடு நேரில் வரவும் என்று போட்டிருந்தது. அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி: நோய் உள்ளது என்பது போதாது, நோயால் என்ன செய்ய இயலவில்லை என்பதற்கே சான்று தேவை.

அது நியாயமான வரிதான். எங்களிடம் அதற்குச் சான்று இல்லை என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது.

மருத்துவமனையில் பதிவறை நிலவறையில் இருக்கிறது. அங்கே வரிசையில் நின்று அக்காவின் கோப்பை நகல் எடுத்து வாங்கினேன். பதினொரு வருடம், முப்பத்தொரு வருகை. படிக்கட்டிலேயே உட்கார்ந்து படித்தேன். முதல் மூன்று வருகைகள் ஒரு மாதிரி இருந்தன. நோயைக் கண்டுபிடித்த காலம் அது. அதற்குப் பிறகு இருபத்தெட்டு வருகையிலும் ஒரே வாசகம். கைகால் வலிமை இயல்பு. பேச்சு தெளிவு. நோயாளி நலமாக இருப்பதாகச் சொல்கிறார். அடுத்த வருகை நான்கு மாதத்தில்.

டாக்டர் பொய் எழுதவில்லை. அதுதான் சிக்கல்.

அக்கா ஒரு பள்ளிக்கூடத்தில் வேதியியல் ஆய்வுக்கூட உதவியாளராக இருந்தவள். புட்டி ஒவ்வொன்றிலும் ஊற்றிய நாள், நேரம், தன் கையெழுத்து என்று ஒட்டி வைப்பாள். மருத்துவமனைக்குப் போவதையும் அவள் அப்படித்தான் தயார் செய்தாள். மாத்திரை போட்டு நாற்பது நிமிடத்தில் உடம்பு எழுந்து நிற்கும். மூன்று மணி நேரம் நிற்கும், பிறகு சாயும். மாலையில் போடும் மாத்திரை அந்த அளவுக்குத் தூக்காது. ஒன்பதரைக்கு டாக்டர் என்றால் எட்டு ஐம்பதுக்கு மாத்திரை. அதற்கு முந்தைய இரண்டு நாள் துணி துவைக்க மாட்டாள், சமைக்க மாட்டாள், ஃபோனில்கூடப் பேச மாட்டாள். சேமித்து வைப்பாள். அத்தான் வேனைப் படிக்கட்டை ஒட்டி நிறுத்துவார். இஸ்திரி போட்ட உடையில், வாரிய தலையோடு, நேராக நடந்து போய் டாக்டர் முன்னால் உட்காருவாள்.

"எப்படி இருக்கீங்க?"

"நல்லா இருக்கேன் டாக்டர். நீங்க?"

அத்தான் இதைக் கேலி செய்வார். "பொண்ணு பார்க்க வந்தப்பகூட இவ்வளவு ஜோடனை இல்ல மச்சான். அன்னைக்கு ஒரு மூஞ்சி கழுவல், அவ்வளவுதான். இந்த டாக்டருக்குக் குடுத்து வச்சிருக்கு."

"உங்களுக்கு அதுவே ஜாஸ்தி" என்பாள் அக்கா.

நாங்கள் யாரும் இதைத் தவறாக நினைக்கவில்லை. பெரிய மனிதர் முன்னால் போகும்போது நல்லபடியாகப் போக வேண்டும் என்று நினைத்தோம். வழியில் விழுந்து வைக்கக் கூடாது என்று நினைத்தோம். நோயைக் காட்டப் போகிறோம் என்பது எங்கள் புத்தியில் ஏறவே இல்லை.

கோப்பைத் தூக்கிக்கொண்டு நரம்பு டாக்டரிடம் போனேன். நல்லவர், அவசரக்காரர்.

"மாலையில ஆகுறதையும் சேர்த்து ஒரு சான்று எழுதிக் குடுங்க டாக்டர். முழுங்க முடியல, கை தூக்க முடியலன்னு."

"நான் பார்த்ததைத்தானே எழுத முடியும்?"

"சாயங்காலம் ஒரு தடவை கூட்டிட்டு வரேன்."

"சாயங்காலம் எனக்கு வேற மருத்துவமனை."

"நான் தினமும் பார்க்கறேன். நான் எழுதித் தரேன், நீங்க கையெழுத்துப் போடுங்க."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபப்படவில்லை. "தம்பி, நீங்க எழுதினா அது கடிதம். நான் எழுதினாதான் சான்று. பதினோரு வருஷமா நல்ல நேரமாப் பார்த்துக் கூட்டிட்டு வந்து காட்டினீங்க. கெட்ட நேரத்தை ஒரு நாளாவது என்னைப் பார்க்க விட்டீங்களா?"

எழுதிக் கொடுத்தார். நோய் கட்டுப்பாட்டில் உள்ளது. மாலையில் சோர்வு ஏற்படுவதாக நோயாளி தரப்பில் கூறப்படுகிறது. அந்தக் கடைசிச் சொல்லை நான் பேருந்தில் நாலைந்து முறை படித்தேன். கூறப்படுகிறது.

அன்று மாலையே அக்கா சாப்பிடுவதை ஃபோனில் வீடியோ எடுத்தோம். தாடையை ஒரு கையால் தாங்கிக்கொண்டு மெல்லுவாள். மறுநாள் அதை அலுவலகச் சாளரத்தில் காட்டினேன். உள்ளே இருந்தவர் முழுதாகப் பார்க்கக்கூட இல்லை.

"வீடியோல யார் வேணாத் தலையைத் தொங்கப் போடலாம் சார். என் மச்சினன் தினமும் போடறான், வேலைக்குப் போகச் சொன்னா."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. அதுதான் எரிச்சல்.

யோசனை என்னுடையது. அதை வேறு யார் தலையிலும் கட்ட மாட்டேன். மறுபரிசோதனை அன்று மாத்திரை போடாமல் போவது என்று சொன்னேன்.

"இது நடிப்புடா" என்றாள் அக்கா.

"மாத்திரை போட்டுட்டுப் போனதுதான் நடிப்பு. இருபத்தெட்டு தடவை நடிச்சாச்சு. ஒரு தடவை நடிக்காமப் போவோம்."

அத்தான் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. "வழியில மூச்சு முட்டினா?"

"மாத்திரை என் பாக்கெட்ல இருக்கும். பத்து மணிக்கு டோக்கன். பத்தே காலுக்கு உள்ள, பத்தரைக்கு வெளிய. வெளிய வந்த உடனே குடுத்துடலாம்."

"ஆமா, அரசாங்க ஆபீஸ்ல பத்து மணின்னா பத்து மணிதான்" என்றார் அத்தான். ஆனால் அவரும் அந்தக் கடிதத்தைப் படித்திருந்தார். துணையாள் பங்கு போனால் நான் வேலைக்குப் போக வேண்டும். எனக்குத் தெரிந்த வேலை மாலையில் தொடங்குவது. மாலையில்தான் அவளுக்கு ஆள் வேண்டும். இதை மூன்று பேரும் சத்தமாகச் சொல்லிக்கொள்ளவில்லை.

"மாத்திரை போட்டியான்னு கேட்டா?" என்றாள் அக்கா.

"பதினோரு வருஷத்துல யாராவது கேட்டிருக்காங்களா?"

யாரும் கேட்டதில்லை. அவள் போட்டுவிட்டுத்தான் வருகிறாள் என்பது எல்லோருக்கும் தெரியும், அதனால் கேட்டதில்லை. நான் அதைக் கணக்கில் எடுக்கவில்லை.

முதல் நாள் இரவு ஒன்பதுக்குப் போட்டது கடைசி மாத்திரை. காலையில் அவளை நானும் அத்தானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து வேனில் ஏற்றினோம். தலையை அவளே வாரியிருந்தாள். பாதி வாரியிருந்தாள். மீதியை நான் வாரினேன்.

பத்து மணி டோக்கனைப் பன்னிரண்டே முக்காலுக்குக் கூப்பிட்டார்கள்.

காத்திருக்கும் கூடத்தில் வரிசை வரிசையாக இரும்பு நாற்காலிகள். எல்லாம் ஒன்றோடொன்று பிணைத்தவை. ஒருவர் காலை ஆட்டினால் பத்துப் பேர் ஆடுவார்கள். பதினொன்றுக்கு அக்காவின் இடது இமை மூடிக்கொண்டது. பதினொன்றரைக்குக் கழுத்து நிற்கவில்லை. அத்தான் தன் தோளை முட்டுக் கொடுத்து உட்கார்ந்தார். பிறகு எச்சிலை விழுங்க முடியவில்லை. கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டாள். எதிரில் இருந்த ஒரு பெண்மணி எழுந்து வேறு நாற்காலிக்குப் போனார்.

"குடுத்துருடா" என்றார் அத்தான்.

"அடுத்து நம்மதான். அஞ்சு நிமிஷம்."

அந்த ஐந்து நிமிடத்தை நான் ஒன்பது முறை சொன்னேனாம். அத்தான் பிற்பாடு எண்ணிச் சொன்னார். சட்டைப் பையில் மாத்திரை அட்டை இருந்தது. கையை வைத்து வைத்துப் பார்த்துக்கொண்டேன். எடுக்கவில்லை. அக்கா கேட்கவும் இல்லை. அவள் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்போது சொல்வதில்லை. கேட்க அவளுக்குக் குரல் இல்லை, எனக்கு அது தெரியும்.

மதிப்பீட்டு மருத்துவர் ஐம்பது வயதைத் தாண்டிய பெண்மணி. இவ்வளவு பொறுமையாக அக்காவைப் பார்த்தவர் வேறு யாருமில்லை. கையை முன்னால் நீட்டச் சொல்லி வினாடி முள்ளைப் பார்த்தார். ஒன்பது வினாடியில் வலது கை விழுந்தது. பதினொன்றில் இடது. ஒன்று முதல் ஐம்பது வரை சத்தமாக எண்ணச் சொன்னார். பதினேழுக்கு மேல் எண்கள் மூக்கில் கரைந்தன, இருபத்திரண்டில் நின்றன. படுத்தபடி தலையைத் தூக்கச் சொன்னார். தலை அசையவில்லை. ஒவ்வொன்றையும் எழுத்தருக்குச் சொன்னார். எழுத்தர் அடித்தார், மூக்கைத் துடைத்தார், அடித்தார்.

என் அக்காவின் கை விழுவதைப் பார்த்து எனக்கு நிம்மதியாக இருந்தது. பதினொரு வருடத்தில் முதல் முறையாக அது ஒரு காகிதத்தில் ஏறிக்கொண்டிருந்தது. அத்தான் என் தொடையை ஒரு முறை அழுத்தினார். முடிந்தது மச்சான் என்று அதற்கு அர்த்தம்.

படிவத்தில் கடைசிக் கேள்வி ஒன்று இருந்தது.

"கடைசியா மாத்திரை எத்தனை மணிக்குப் போட்டீங்கம்மா?"

அக்கா என்னைப் பார்க்கவில்லை. பத்து வருடம் புட்டிகளில் நேரம் எழுதி ஒட்டியவள். மூச்சை இழுத்து இழுத்துச் சொன்னாள்.

"நேத்து. ராத்திரி. ஒம்பது."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "பதினாறு மணி நேரமா? காலையில ஏன் போடல?"

அக்கா கைக்குட்டையை வாயில் அழுத்திக்கொண்டாள்.

"நான்தான் வேண்டாம்னேன்" என்றேன். "நிஜமா எப்படி இருக்கான்னு நீங்க பார்க்கணும்னு."

"துணையாள் நீங்கதானே?"

"ஆமா."

"இவங்களுக்கு இங்கேயே மூச்சு நின்னிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

எழுத்தர் அடிப்பதை நிறுத்தியிருந்தார். டாக்டரம்மா அவர் பக்கம் திரும்பி, "இதையும் அடிங்க" என்றார்.

மாத்திரையை அவரே பொடித்தார். ஒரு கரண்டித் தண்ணீரில் கரைத்து, முகவாயைக் கீழே இறக்கச் சொல்லி, சொட்டுச் சொட்டாக அத்தான் புகட்டினார். கரண்டி பல்லில் பட்டு டக்டக்கென்றது. அது முடிந்தும் டாக்டரம்மா எங்களை அனுப்பவில்லை. அடுத்த டோக்கனையும் கூப்பிடவில்லை.

"நாற்பது நிமிஷம் கழிச்சு மறுபடி பார்க்கணும். எழுதிக் குடுத்த சிகிச்சையில இருக்கும்போது எப்படி இருக்காங்களோ அதுதான் மதிப்பீடு. விதி அப்படி."

"முதல்ல பார்த்தது?"

"அதையும் எழுதுவேன். எந்த நிலைமையில பார்த்தேன்கறதையும் எழுதுவேன்."

"டாக்டரம்மா, அந்த நாற்பதாவது நிமிஷம் அவளோட ஒரு நாளே இல்ல. அது உச்சி. அதைப் பார்த்துட்டு எழுதாதீங்க. அஞ்சு மணிக்கு மேல பாருங்க, ஆறு மணிக்குப் பாருங்க."

"நாலு மணிக்கு ஆபீஸ் மூடிடும்" என்றார் எழுத்தர். அவர் அன்று பேசியது அது ஒன்றுதான்.

நாற்பது நிமிடம் ஐந்து பேரும் அந்த அறையில் இருந்தோம். இமை மெல்ல ஏறுவதைப் பார்த்தேன். கழுத்து நேரானது. கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தாள். முகத்துக்குக் களை திரும்பியது. வேறு எந்த நாளாக இருந்தாலும் அதைப் பார்க்க நன்றாக இருந்திருக்கும்.

"கையை நீட்டுங்கம்மா."

நீட்டினாள். வினாடி முள் ஒரு சுற்று வந்தது. இன்னொரு சுற்றுத் தொடங்கியது. இறக்கு, இறக்கு என்று நான் மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். கொஞ்சம் முன்னால் இறக்கினால் யாருக்கும் தெரியாது. நூற்று இருபது வினாடி பிடித்துக்கொண்டிருந்தாள். டாக்டரம்மா போதும் என்று சொன்ன பிறகே இறக்கினாள். ஒன்று முதல் ஐம்பது வரை தெளிவாக எண்ணினாள்.

வேனில் பாதி வழியில் என்னால் அடக்க முடியவில்லை.

"ஏன் அப்படித் தாங்கிப் புடிச்ச?"

"வந்துச்சுடா" என்றாள். "வரும்போது எப்படி விடறது?"

அத்தான் சாலையைப் பார்த்தபடியே சொன்னார். "அவளை ஏன்டா கேக்கற? உன்னை நம்பினேன் பாரு, என்னைச் சொல்லணும்."

மூன்று வாரத்தில் முடிவு வந்தது. அறிக்கையின் நகலும் கூடவே இருந்தது. முதல் பரிசோதனையின் எண்கள் எல்லாம் இருந்தன. ஒன்பது, பதினொன்று, இருபத்திரண்டு. அவற்றின் தலையில், துணையாளின் அறிவுறுத்தலால் மருந்து நிறுத்தப்பட்டிருந்த நிலையில் என்று இருந்தது. இரண்டாவது பரிசோதனையின் அடியில் எங்களுக்கு மனப்பாடமான இரண்டு சொற்கள். வலிமை இயல்பு. உரிய நேரத்தில் மருந்து எடுத்துக்கொண்டால் பயனாளிக்குத் துணையாள் தேவையில்லை. மேலும், பதிவு பெற்ற துணையாள் மருந்தைத் தடுத்ததால் அவர் பெயர் நீக்கப்படுகிறது. வேறு துணையாள் கோரினாலும் என் பெயரைச் சேர்க்கக் கூடாதாம். அறுபது நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். புதிய மருத்துவச் சான்று இணைக்க வேண்டும்.

"புது சான்றுக்கு எந்த டாக்டர்கிட்டப் போறது?" என்றார் அத்தான். "எல்லா டாக்டரும் பார்த்தாச்சு. எல்லார் முன்னாடியும் நல்லா இருந்துட்டா."

அக்கா சிரித்தாள். காலை நேரம், சிரிக்க முடிந்தது. "அடுத்த தடவை செத்துட்டுப் போறேன். அப்பவும் மாத்திரையைக் குடுத்து எழுப்பி உக்கார வச்சிருவாங்க."

அத்தானும் சிரித்தார். சிரித்துக்கொண்டே எழுந்து குளியலறைக்குப் போனார். தண்ணீர் வெகுநேரம் ஓடியது.

மேல்முறையீடு எழுதிப் போட்டேன். இன்னும் பதில் இல்லை. குளிர்பதனக் கிடங்கில் என்னைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். அங்கே யாரும் நிலைப்பதில்லை, அதனால் எடுத்தார்கள். ஆறு மணிக்கு உள்ளே இருக்க வேண்டும். அத்தான் வேறு தடம் கேட்டுப் பார்த்தார், கிடைக்கவில்லை. பக்கத்து வீட்டில் இருப்பவர்களும் மாலையில் வேலைக்குப் போகிறவர்கள். ஐந்தே காலிலிருந்து பத்தரை வரை வீட்டில் அவள் மட்டும். சாப்பாட்டை நான்கு மணிக்கு மாற்றினோம். அதற்குப் பிறகு தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்று முடிவு செய்தோம். தாகம் எடுத்தால்? துணியை நனைத்து உதட்டில் வைத்துக்கொள்வதாகச் சொன்னாள்.

முதல் நாள் கதவைப் பற்றிச் சண்டை வந்தது. மாலையில் அவள் விரல்கள் சாவியைத் திருப்புவது சந்தேகம்.

"நான் வெளியில பூட்டிட்டுப் போறேன்" என்றேன்.

"நான் என்ன உன் கிடங்குல இருக்கற சரக்கா?"

"அப்ப பூட்டாமப் போறேன். ஏதாவது ஆனா யாராவது உள்ள வரலாம்."

"ஏதாவது ஆனாத்தான் வருவாங்களா? ஆகாமலும் வருவாங்க. இந்தத் தெருவை எனக்குத் தெரியும். நானே பூட்டிக்கறேன். நீ போ."

"முடியுமா?"

"போடா. நேரமாச்சு."

சுவரைப் பிடித்துக்கொண்டு கதவு வரை வந்தாள். ஒரு இமை ஏற்கெனவே இறங்கியிருந்தது. நான் படியில் இறங்கினதும் கதவைத் தோளால் தள்ளிச் சாத்தினாள். சாவி துளையைத் தேடும் சத்தம் கேட்டது. உலோகம் உலோகத்தில் உரசியது, வழுக்கியது, மறுபடி உரசியது. என்னிடம் ஒரு சாவி இருந்தது. நான் அதை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் அவள் மன்னித்திருக்க மாட்டாள். அந்தப் பூட்டுக்கு இரண்டு திருப்பு. முதல் திருப்பு விழுந்தது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. அவள் இரண்டு கையையும் சேர்த்து வைத்து ஓய்வெடுக்கிறாள் என்று நினைத்தேன், அல்லது நெற்றியைக் கதவில் சாய்த்திருக்கிறாள். மணி ஐந்து இருபத்தாறு ஆனது. ஐந்து இருபத்தொன்பதுக்கு இரண்டாவது திருப்பும் விழுந்தது.